‘ஆபரேஷன் சக்ஸஸ்’ என்றால் என்ன? இடுப்பு மூட்டு மாற்று பற்றி வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் சொல்வது

கோட்டையூரில் ஒரு பெரிய வீடு. முகப்பையும் வளவையும் (நடு முற்றத்தைச் சுற்றிய கூடம்) தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போகும் வழியில் ஓர் அறையில் ஆச்சிக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். வயது 72. வலது இடுப்பு மூட்டை மாற்றி 26 நாள் ஆகியிருந்தது. தையல் பிரித்தாயிற்று. புண் ஆறிவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வளவை ஒரு சுற்று வந்துவிடுகிறார். பயிற்சியை முடித்துவிட்டு நான் செருப்பு மாட்டும்போது கேட்டார்:

“ஆபரேசன் சக்ஸஸுன்னு டாக்டரு சொல்லிட்டாகளே தம்பி, அப்பறம் ஏன் சாமி வீட்டுல கீழ உக்காரக் கூடாதுங்கிறீக?”

(சாமி வீடு என்றால் எங்கள் பக்கம் பூஜை அறை.) காரைக்குடியைச் சுற்றி வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பதுதான் என் தொழில். இந்தக் கேள்வி வேறு வேறு வார்த்தைகளில் வாரம் ஒருமுறையாவது வந்துவிடும். டாக்டர் சொன்ன ‘சக்ஸஸ்’ பொய்யில்லை. அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்னார்: பாகங்கள் சரியான கோணத்தில் உட்கார்ந்திருக்கின்றன, கிருமி இல்லை, கால் நீளம் சமம். ஆச்சி கேட்பது வேறு. இடுப்பு மூட்டு மாற்றினால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும் என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தால்தான் அவர் கேள்விக்குப் பதில் வரும்.

முதலில் இடுப்பு எது என்று பார்த்துவிடலாம்

தமிழில் இது ஒரு தொல்லை. நாம் இடுப்பு என்று சொல்வது சேலை சொருகும் இடத்தை, அல்லது பின்னால் முதுகுத்தண்டு முடியும் இடத்தை. “இடுப்பு வலி” என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு வலி முதுகில்தான் இருக்கும். டாக்டர்கள் சொல்லும் இடுப்பு மூட்டு இன்னும் கீழே, உள்ளே, தொடை எலும்பு இடுப்புக் கூட்டோடு சேரும் இடம். அது கெட்டால் வலி பெரும்பாலும் கவட்டையில், அதாவது தொடை இடுக்கில் தெரியும். தொடையின் முன்பக்கமாக இறங்கி முழங்கால்வரை வரும். முழங்கால் வலி என்று ஒரு வருஷம் தைலம் தேய்த்து, முழங்காலுக்கே இரண்டு எக்ஸ்ரே எடுத்து, கடைசியில் கோளாறு இடுப்பு மூட்டில் என்று தெரிந்துகொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். காலில் செருப்பு மாட்ட, நகம் வெட்ட, பைக்கில் காலைத் தூக்கிப் போட முடியவில்லை என்றால் இந்த மூட்டைச் சந்தேகப்படலாம்.

பள்ளிக்கூடத்தில் ‘பந்துக் கிண்ண மூட்டு’ என்று படித்திருப்பீர்கள். தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து, இடுப்புக் கூட்டில் ஒரு கிண்ணம், இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு. அந்தக் குருத்தெலும்பு தேய்ந்து போவது ஒரு வகை. பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் நின்று பந்தே செத்து நொறுங்குவது இன்னொரு வகை. நம் நாட்டில் முப்பது, நாற்பது வயதில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்ள வருகிறவர்களில் பலருக்கு இந்த இரண்டாவதுதான் காரணம். நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து எடுத்ததும், குடியும் அதற்குப் பெரிய காரணங்கள். சிலருக்குக் காரணமே பிடிபடாது. மூன்றாவது, வயதானவர்கள் விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிவது. அதன் கதை தனி. பின்னால் வருகிறேன்.

உள்ளே வைப்பது என்ன

கெட்டுப்போன பந்தை அறுத்து எடுத்துவிட்டு, தொடை எலும்பின் குழாய்க்குள் ஒரு உலோகத் தண்டை இறக்குகிறார்கள். அதன் தலையில் உலோகத்திலோ செராமிக்கிலோ ஒரு பந்து. இடுப்புக் கூட்டில் கிண்ணத்தைச் சுரண்டிச் சீராக்கி ஓர் உலோகக் கிண்ணம், அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை. ஆக மொத்தம் நாலு சாமான். தண்டையும் கிண்ணத்தையும் எலும்போடு பிடிக்கவைக்க இரண்டு வழி. ஒன்று, எலும்பு சிமென்ட். இன்னொன்று, சொரசொரப்பான பரப்புள்ள சாமானை இறுக்கமாக அடித்து இறக்கிவிட்டால் எலும்பே அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். எலும்பு பலமாக இருக்கும் இளவயதுக்காரர்களுக்கு இரண்டாவதும், பஞ்சாகிப்போன எலும்புள்ள முதியவர்களுக்கு முதலாவதும் ஒத்துவரும் என்பது பொதுவான கணக்கு. எல்லா டாக்டரும் இதில் ஒரே மாதிரி நினைப்பதில்லை.

இந்த ஏற்பாட்டை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய சர்ஜன். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1950களின் கடைசியில் அவர் கிண்ணத்துக்கு டெஃப்லான் போட்டுப் பார்த்தார். நாம் நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பார்க்கிற அதே டெஃப்லான்தான். வழுக்கும், ஆனால் தேயும். சில வருஷங்களிலேயே தேய்ந்து, உதிர்ந்த தூள் உடம்புக்குள் அழற்சியைக் கிளப்பி, போட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப அறுக்க வேண்டியதாயிற்று. அடுத்து நெசவு இயந்திரங்களின் பல்சக்கரத்துக்காக விற்றுக்கொண்டிருந்த ஒரு கெட்டியான பாலிஎத்திலீன் அவர் கைக்கு வந்தது. இந்த முறை மனிதர் அவசரப்படவில்லை. பழைய டெஃப்லானையும் புதுப் பிளாஸ்டிக்கையும் தன் தொடைக்குள்ளேயே கொஞ்சம் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தார். டெஃப்லான் வைத்த இடம் கட்டி தட்டியது, மற்றது சும்மா இருந்தது. 1962 நவம்பரில் நோயாளிக்குப் பொருத்தினார். எலும்பில் ஒட்டப் பயன்படுத்தியது பல் டாக்டர்கள் பல்செட்டுக்குப் பயன்படுத்தும் அதே அக்ரிலிக் வகை. பந்தின் குறுக்களவு 22 மில்லிமீட்டரும் கொஞ்சமும். இன்று 28, 32, 36 என்று பெரிய பந்துகளும் போடுகிறார்கள். பந்து பெரிதானால் கிண்ணத்தை விட்டு நழுவுவது குறையும்.

சரி, சாமான் தெரிந்துவிட்டது. பலனுக்கு வருவோம்.

வலி போகும்

இதில் எனக்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை, ஏனென்றால் இது அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. ராத்திரி புரண்டு படுக்கும்போது உயிர் போகிற மாதிரி குத்திய அந்த வலி, ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே இல்லை என்பார்கள். தையல் வலி இருக்கும், தசை வலி இருக்கும். “அது வேற வலி தம்பி” என்று அவர்களே பிரித்துச் சொல்வார்கள். பல நாட்டு ஆய்வுகளில் இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் திருப்தி என்கிறார்கள். முழங்கால் மாற்றியவர்களில் அது 80ஐ ஒட்டித்தான். பக்கத்து வீட்டில் முழங்கால் மாற்றியவர் “எதுக்குடா பண்ணினோம்னு இருக்கு” என்று சொன்னதைக் கேட்டுவிட்டு இடுப்பு மூட்டுக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு ஆபரேஷன். 2007ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை இடுப்பு மூட்டு மாற்றை ‘நூற்றாண்டின் ஆபரேஷன்’ என்றே தலைப்பிட்டு அழைத்தது.

வலி போனாலும் விந்தல் உடனே போகாது. மூன்று நாலு வருஷம் வலிக்குப் பயந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தவரின் இடுப்புப் பக்கத்துத் தசை கரைந்துபோயிருக்கும். மூட்டை மாற்றலாம், தசையை யாராலும் மாற்றிப் போட முடியாது. அது பயிற்சியில்தான் வரும், அதற்கு மாதங்கள் ஆகும். ‘கால் நீளமாயிருச்சு’ என்ற புகாரும் முதல் சில மாதங்களில் சகஜம். பாதி நேரம் அது உண்மையான நீளம் இல்லை, இறுகிப்போன தசை இடுப்புக் கூட்டைச் சாய்த்து வைத்திருப்பதால் வரும் தோற்றம். அதற்குள் செருப்புக் கடையில் போய் ஒரு பக்கம் அட்டை ஒட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். உண்மையான வித்தியாசம் என்று டாக்டர் அளந்து சொன்னால் அப்புறம் ஒட்டலாம்.

என்னவெல்லாம் செய்யலாம்

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஒருவர் எப்படி இருக்கிறார் என்று அளக்க ‘ஆக்ஸ்ஃபோர்டு இடுப்பு மதிப்பெண்’ என்று ஒன்று இருக்கிறது. 12 கேள்வி, மொத்தம் 48 மார்க். வலி எப்படி, விந்துகிறீர்களா, மாடிப்படி ஏற முடிகிறதா, தனியாகக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்க முடிகிறதா, காலுறை மாட்ட முடிகிறதா என்று கேட்டுக்கொண்டே போகும். நல்ல கேள்விகள்தான். ஆனால் கோட்டையூர் ஆச்சி தன் வாழ்நாளில் காலுறை போட்டதில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார முடியுமா, குத்தவைத்துக் கோலம் போட முடியுமா, பந்தியில் இலை முன்னால் உட்கார முடியுமா, பெரியவர்கள் காலில் விழுந்து எழ முடியுமா என்று அதில் ஒரு கேள்விகூட இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் யாரும் பந்தியில் உட்காருவதில்லை. அந்தப் பட்டியலில் ஆச்சிக்கு 48க்கு 44 வரலாம், ஆனாலும் அவருக்குக் குறை இருக்கும். அந்தக் குறை நியாயமானது.

ஏன் கீழே உட்காரக் கூடாது? செயற்கைப் பந்து கிண்ணத்துக்குள் இருப்பது ஒரு பொருத்தம்தான், ஆணி அடித்த பிடிப்பு இல்லை. இயற்கையான மூட்டைச் சுற்றி ஒரு கெட்டியான உறையும் தசையும் இருக்கும். ஆபரேஷனுக்காக அதை வெட்டித் திறந்திருக்கிறார்கள். அது மறுபடி இறுகுவதற்குள் தொடையை வயிற்றுப் பக்கம் அதிகமாக மடித்தால், தண்டின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் இடித்து நெம்புகோல் மாதிரி பந்தை வெளியே தள்ளிவிடும். பின்பக்கமாகத் திறந்து செய்திருந்தால் மூன்று அசைவுகள் ஆபத்து: இடுப்பை 90 பாகைக்கு மேல் மடிப்பது, அந்தக் காலை மற்றக் கால் தாண்டிக் குறுக்கே போடுவது, பாதத்தை உள்பக்கமாகத் திருப்புவது. முன்பக்கமாகத் திறந்திருந்தால் விதிகளும் மாறும். எந்தப் பக்கம் திறந்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். உங்கள் டாக்டரையே கேட்டுவிடுங்கள், அடுத்த வீட்டுக்காரரின் விதி உங்களுக்கு ஒத்துவராது.

முதல் 6 முதல் 12 வாரம் இந்தக் கட்டுப்பாடு கண்டிப்பு. அதற்கப்புறம் தளர்த்துவார்கள். சம்மணத்தில் கால் வெளிப்பக்கமாகத் திரும்பி விரிகிறது. நாற்காலியில் கால்மேல் கால் போடும்போது உள்பக்கமாகத் திரும்பிக் குறுக்கே போகிறது. இரண்டும் ஒன்றில்லை. வெளிநாட்டுப் புத்தகத்தில் ‘காலைக் குறுக்கே போடாதே’ என்று இருப்பது இந்த இரண்டாவதைத்தான். பெரிய பந்து, நல்ல கோணம், நல்ல தசை இருந்தால் சில மாதங்களுக்குப் பிறகு சம்மணத்தை அனுமதிக்கும் சர்ஜன்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். குத்தவைப்பதில் மட்டும் பெரும்பாலானவர்கள் கையை விரித்துவிடுவார்கள். ஆகவே கழிப்பறையை வெஸ்டர்னாக மாற்றுவதை ஆபரேஷனுக்கு முன்பே முடித்துவையுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கிய அன்று கொத்தனாரைத் தேடி அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

நடை, மாடிப்படி, பஸ், கார், கோயில் சுற்று, தோட்ட வேலை எல்லாம் வரும். அன்றோ மறுநாளோ வாக்கரில் நிறுத்துவார்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் பலர் கைத்தடிக்கு மாறிவிடுவார்கள். முழுப் பலன் தெரிய ஒரு வருஷம்கூட ஆகும். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒரு வருஷம் கழித்து, படிப்படியாகப் பழகி, டாக்டர் சரி என்றால் நடப்பதில் தப்பில்லை. ஓட்டமும் குதியும்தான் மூட்டுக்கு ஆகாது.

எத்தனை வருஷம் தாங்கும்

“பத்து வருஷம் வரும்” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது பழைய கணக்கு. 2019ல் லான்செட்டில் வந்த ஓர் ஆய்வு, மாற்றிய மூட்டுகளைக் குறித்துவைக்கும் ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் தேசியப் பதிவேடுகளை வைத்துக் கணக்கிட்டது. மாற்றிய மூட்டுகளில் 15 ஆண்டில் 89 சதவீதம், 20 ஆண்டில் 70 சதவீதம், 25 ஆண்டில் 58 சதவீதம் இன்னும் அப்படியே இருந்தன. இந்த எண்ணைப் புரிந்துகொள்வதில் இரண்டு விஷயம். ‘இருந்தன’ என்றால் மறு ஆபரேஷன் செய்யவில்லை என்று மட்டும்தான் பொருள். வலி இல்லாமல் இருந்தார்களா என்பதை அது சொல்லாது. இரண்டாவது, 25 வருஷக் கணக்கு வேண்டுமென்றால் 25 வருஷத்துக்கு முன்னால் போட்ட சாமானைத்தான் எண்ண முடியும். 1990களின் கடைசியில் வந்த, கதிர்வீச்சால் இறுக்கிய புதுவகைப் பிளாஸ்டிக் பழையதைவிட மிகக் குறைவாகவே தேய்கிறது. இன்று போடுபவை அந்த எண்ணைவிட நன்றாகவே ஓடும் என்று எதிர்பார்க்க நியாயம் இருக்கிறது.

தேய்மானம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு எங்கள் ஊர்க் கதவுகளைப் பாருங்கள். பழைய வீட்டுக் கதவுகளுக்குக் கீல் கிடையாது. கதவின் குடுமி மேலும் கீழும் குழியில் உட்கார்ந்து சுழலும். நூறு வருஷமாகத் திறந்து மூடிய கதவின் கீழ்க்குழியில் விரலை விட்டால் மாவு மாதிரி மரத்தூள் ஒட்டும். அந்தத் தூளால் கதவுக்குக் கெடுதல் இல்லை, பெருக்கிவிடலாம். இடுப்புக்குள் உதிரும் பிளாஸ்டிக் தூளைப் பெருக்க ஆள் இல்லை. உடம்பின் காவல் செல்கள் அதை விழுங்கப் பார்க்கும், செரிக்க முடியாது. அந்தக் கோபத்தில் அவை சுரக்கும் ரசாயனங்கள் பக்கத்து எலும்பைக் கரைக்கின்றன. எலும்பு கரைந்தால் தண்டோ கிண்ணமோ ஆட்டம் கண்டுவிடும். உட்கார்ந்து எழுந்து முதல் நாலு எட்டு வைக்கும்போது தொடையில் வலித்து, அப்புறம் குறைகிறது என்றால் இந்த ஆட்டமாக இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். வலியே இல்லாமலும் எலும்பு கரைவது உண்டு. அதனால்தான் நன்றாக இருக்கிறவர்களையும் சில வருஷத்துக்கு ஒருமுறை படம் எடுக்க வரச் சொல்கிறார்கள்.

வயதுதான் பெரிய கணக்கு. பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், 70 வயதுக்கு மேல் மாற்றிக்கொண்டவர்களில் 100க்கு 5 பேருக்குத்தான் வாழ்நாளில் மறு ஆபரேஷன் தேவைப்பட்டது. 50களின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களில் அது சுமார் 30 பேர். ஆச்சிக்கு மூட்டு அவரைவிட நீண்ட நாள் இருக்கும். எனக்குத் தெரிந்த தேவகோட்டைத் தம்பி ஒருவருக்கு 38 வயது, வெல்டிங் வேலை, இரண்டு பக்கமும் பந்து செத்துப்போயிற்று. அவரிடம் ஆச்சியிடம் சொன்ன வார்த்தையைச் சொல்ல முடியாது. வாழ்நாளில் ஒரு முறையாவது திரும்பத் திறக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தேதான் செய்துகொண்டார். மறு ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம், பலனும் கொஞ்சம் குறைவு. அதற்காக 38 வயதுக்காரரை 60 வரை வலியோடு உட்காரவைப்பதா? உட்காரவைத்தால் வேலை போகும், தசை போகும், குடும்பம் கடனாகும். அவர் முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன்.

தப்பாகிப் போனால் என்ன ஆகும்

கிருமி பிடிப்பது 100க்கு ஒருவர் அளவில். எண் சின்னது, வந்தால் விஷயம் பெரிது. சில சமயம் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, மாதங்கள் கழித்துப் புதிதாகப் போட வேண்டிவரும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகை பிடிப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். “சுகரைக் குறைச்சுட்டு வாங்க” என்று டாக்டர் இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வருஷங்கள் கழித்தும் சொத்தைப் பல், காலில் ஆறாத புண், சிறுநீர்த் தொற்று வழியாகக் கிருமி ரத்தத்தில் போய் மூட்டில் குடியேறலாம். இவற்றை அலட்சியம் செய்யக் கூடாது.

பந்து நழுவுவது 100க்கு இரண்டு மூன்று பேருக்கு. திடீரென்று தாங்க முடியாத வலி, கால் குட்டையாகி ஒரு பக்கம் திரும்பிவிடும், ஊன்ற முடியாது. அந்த நேரம் யாரையும் இழுத்துவிடச் சொல்லாதீர்கள். எண்ணெய்க் கட்டு போடுகிறவரிடம் போகாதீர்கள். ஆம்புலன்ஸ்தான். காலில் ரத்தம் உறையாமல் இருக்க ஐந்து வாரம்வரைகூட மாத்திரை தருவார்கள், நன்றாக இருக்கிறது என்று நடுவில் நிறுத்திவிடக் கூடாது. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும்.

சாமானே தப்பாக இருந்தால்? அதுவும் நடந்திருக்கிறது. பிளாஸ்டிக்தானே தேய்கிறது, உலோகத்தின் மேல் உலோகம் உரசட்டும் என்று செய்த வகைகள் 2000களில் பரவலாயின. டிபுய் நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர் அதில் ஒன்று. உலோகத் துகள் சுற்றியுள்ள சதையை அரிக்க, ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் ஏற, எதிர்பார்த்ததைவிட வேகமாக மறு ஆபரேஷன்கள் குவிந்தன. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு. மத்திய அரசு 2018ல் இழப்பீட்டுக்கு ஒரு கணக்கு வகுத்தது. ஆனால் யாருக்குப் போட்டார்கள் என்று தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது.

இதைக் கண்டுபிடித்ததில் பெரும் பங்கு ஆஸ்திரேலியா, பிரிட்டன் பதிவேடுகளுக்கு உண்டு. ஸ்வீடன் 1979லேயே இடுப்பு மூட்டு மாற்றுகளுக்கு இப்படி ஒரு பதிவேடு வைக்கத் தொடங்கியது. செட்டிமார் வீட்டுப் பேரேடு மாதிரி: யாருக்கு, என்ன சாமான், எந்தத் தேதி, எப்போது திரும்பி வந்தது. நம் வீட்டளவில் நாமும் ஒரு பேரேடு வைத்துக்கொள்ளலாம். ஆபரேஷன் முடிந்ததும் சாமான் பெட்டியில் இருந்த ஸ்டிக்கர்களைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். கம்பெனி, மாடல், அளவு, லாட் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கி, நிலப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். 20 வருஷம் கழித்துத் திறக்கும் டாக்டருக்கு உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்தால் பாதி வேலை குறையும்.

விழுந்து முறிந்தவர்கள்

இவர்களை மேலே சொன்ன எண்களோடு சேர்க்காதீர்கள். 82 வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடைக் கழுத்து முறிந்தவருக்கு ஆபரேஷனின் முதல் நோக்கம் 20 வருஷம் ஓடும் மூட்டு இல்லை. படுக்கையிலிருந்து எழுப்புவதுதான். படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், முதுகில் புண் வரும், ரத்தம் உறையும். கிண்ணம் நன்றாக இருந்தால் பந்தை மட்டும் மாற்றும் ‘பாதி மாற்று’ பலருக்குப் போதும். உடம்பு தாங்கும் என்றால் ஒன்றிரண்டு நாளுக்குள் செய்துவிட வேண்டும் என்பதுதான் உலகெங்கும் விதி.

எங்கள் பக்கம் தாமதத்துக்கு இரண்டு காரணம். ஒன்று, மகன் சிங்கப்பூரிலிருந்து வரட்டும். இன்னொன்று, நாள் நல்லா இல்லை. மகன் வந்து பார்க்கட்டும், ஆனால் கையெழுத்துப் போட அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். போனில் ஒரு வார்த்தை போதும். அஷ்டமி நவமியை மூட்டுத் தேய்மானத்துக்குப் பாருங்கள், முறிவுக்குப் பார்க்காதீர்கள். பணம் தடை என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

வலது காலை எடுத்து வைத்து

கோட்டையூர் ஆச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று வாசலில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. செட்டிநாட்டு வீட்டு நிலைப்படி உயரம் தெரியும்தானே, கிட்டத்தட்ட முழங்கால் பாதி. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். இது நாங்கள் மந்திரம் மாதிரி சொல்லிக்கொடுப்பது. ஆச்சிக்கு ஆபரேஷன் வலது கால். மருமகள் ஆரத்தித் தட்டோடு “வலது காலை எடுத்து வச்சு வாங்க” என்கிறார், நான் பின்னால் நின்று “இடது காலு, இடது காலு” என்கிறேன். ஆச்சி ஒரு நிமிஷம் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்கு இடது காலில்தான் ஏறினார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. மறுநாள் ஆசாரியை வரச்சொல்லி நிலைப்படிக்கு முன்னால் பாதி உயரத்தில் ஒரு பலகைப் படி செய்து வைத்தார்கள், பக்கத்துத் தூணில் ஒரு கைப்பிடியும். ஆத்தங்குடிக் கல் தரை காய்ந்திருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஈரத்தில் கண்ணாடி. வேலைக்கார அம்மா தரையைத் துடைத்தபின் முழுசாகக் காயும்வரை ஆச்சி கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டோம். சாமி வீட்டுக்குள் கையுள்ள உயரமான நாற்காலி போயிற்று. கோலத்தைப் பேத்தியிடம் ஒப்படைத்தார், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து புள்ளி தப்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

டிசம்பரில் பிள்ளையார் நோன்பு வந்தது. ஆபரேஷன் முடிந்து நாலு மாதம். கைத்தடிகூட இல்லாமல் வளவில் நடந்துகொண்டிருந்தார், கவட்டை வலி என்ற பேச்சே இல்லை. கீழே உட்காரலாமா என்று ஜனவரியில் சர்ஜனைப் பார்க்கும்போது கேட்பதாகத் திட்டம். நோன்பன்றைக்கு நான் போனபோது குடும்பம் முழுக்கச் சாமி வீட்டு முன்னால் கூடியிருந்தது. வீட்டில் மூத்தவர் என்பதால் இழை, அதாவது மாவில் வைத்து ஏற்றும் நூல் திரி, கொடுப்பது ஆச்சிதான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எரிகிற இழையை ஒவ்வொருவருக்காக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்குகிறவர்கள்தான் அவர் உயரத்துக்குக் குனிந்துகொண்டிருந்தார்கள்.